மேனேஜர் தலைலயே கட்டாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல நியூயார்க் கட்டடங்களோட கார்பன் சட்டத்தப் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். "மேனேஜர்களோட மெத்தனத்தாலதான் குடியிருக்கறவங்க ஃபைன் கட்டப் போறாங்க"ன்னு அதுல ஒரு வரி. குவீன்ஸ்ல கோஆப் (குடியிருக்கறவங்க பங்கு வாங்கி சேந்து வெச்சிருக்கறது), காண்டோ (ஒவ்வொரு வீடும் தனித்தனியா சொந்தம்) கட்டடங்கள பாத்துக்கறதுதான் பல வருஷமா என் பொழப்பு. அந்த வரிய படிச்சதுல இருந்து மனசு ஆறல.

லோக்கல் லா 97 உங்களுக்குத் தெரியாததில்ல. 2019ல வந்த சட்டம், 25,000 சதுர அடிக்கு மேல இருக்கற பெரும்பாலான கட்டடத்துக்கு 2024ல இருந்து கார்பன் புகைக்கு வரம்பு, தாண்டற ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் ஃபைன். 2030ல வரம்பு இன்னும் இறுகுது. சட்டமே வேணாம்னு நான் சொல்லல, இந்த ஊர் விடற புகைல பெரும்பங்கு கட்டடங்களோடதுதான். ஆனா கட்டடத்த சூடாக்கற பாய்லர மாத்தலாம்னு முடிவு பண்றது ஓனருங்க தேர்ந்தெடுக்கற போர்டு, பணம் போடறது ஓனருங்க. நான் எஸ்டிமேட் வாங்கி முன்னால வெக்கலாம், எஞ்சினியர் கையெழுத்தோட வருஷா வருஷம் புகைக் கணக்கு ரிப்போர்ட்ட சிட்டிக்கு அனுப்ப வெக்கலாம், அவ்ளோதான் என் அதிகாரம். அந்த ரிப்போர்ட் போகலேன்னா சதுர அடிக்கு மாசம் அரை டாலர் ஃபைன், 50,000 சதுர அடி கட்டடம்னா மாசம் 25,000. அந்த பயத்துல ராத்திரி உக்காந்து பில்லு பில்லா சரிபாக்கறவனுக்கா மெத்தனம்? இந்த சட்டம் செல்லாதுன்னு குவீன்ஸ்ல இருக்கற க்ளென் ஓக்ஸ் வில்லேஜ் கோஆப் போட்ட கேஸ் முடியட்டும்னு போர்டுங்க தள்ளிப்போட்டாங்க, 2025 மே மாசம் மாநிலத்தோட மிக உயர்ந்த கோர்ட் சட்டம் செல்லும்னு சொல்லிருச்சு, அதுவரைக்கும் போன காலத்துக்கும் நானா பொறுப்பு?

ஜனவரில ஒரு தடவ வந்து பாருங்க. மேல் மாடில ரேடியேட்டர் கொதிக்குதுன்னு ஜன்னல தொறந்து போட்டிருப்பாங்க, கீழ் வீட்டு அம்மா கோட்ட மாட்டிக்கிட்டு குளிருதுன்னு எனக்கு போன் பண்ணுவாங்க. பாய்லர்ல இருந்து ஆவி போய் வீட்ட சூடாக்கற பழைய ஸ்டீம் ஹீட்டிங். ரேடியேட்டர்ல காத்த வெளிய விடற ஏர் வென்ட்ட மாத்தினாலே நெறைய சரியாகும், பெரிய செலவும் இல்ல, ஆனா வீடு வீடா உள்ள போகணுமே. நோட்டீஸ் ஒட்டிட்டு சூப்பர் (கட்டடத்துல ரிப்பேர், பராமரிப்பு பாக்கறவர்) போய் தட்டுனா அப்புறம் வாங்கன்னு அனுப்பிடறாங்க. அதே ஆளுங்கதான் வருஷ மீட்டிங்ல மாசா மாசம் கட்டற மெயின்டனன்ஸ் ஏன் ஏறுதுன்னு என்ன நிக்க வெச்சு கேக்கறாங்க. கொரோனா சமயத்துல எல்லாரும் கதவ சாத்திக்கிட்டப்ப பாய்லர் ரூம்ல நின்னது நானும் சூப்பரும்தான், அதப்பத்தி உங்க பத்திரிகைல ஒரு வரி வரல. முன்ன ஒரு தடவ மேனேஜருங்க கமிஷன் அடிக்கறாங்கன்னு போட்டீங்க, நான் எழுதின மறுப்பும் வரல.

இன்னொண்ணு, கட்டடம் எனர்ஜிய எவ்ளோ சிக்கனமா செலவழிக்குதுன்னு காட்ட வாசல்ல ஒட்டற ஏ, பி, சி, டி எழுத்தையும் இந்த ஃபைனையும் கட்டுரை ஒண்ணாக்கிருச்சு. அது லோக்கல் லா 33. வருஷா வருஷம் கரண்ட், கேஸ், தண்ணி கணக்கு கொடுக்கறோமே, அந்த பெஞ்ச்மார்க்கிங்ல வர்ற மார்க். நூத்துக்கு 55க்கு கீழன்னா டி. டி வாங்கின கட்டடமும் கார்பன் வரம்புக்குள்ள இருக்கலாம், அப்ப அந்த ஃபைனே கிடையாது. உங்க கட்டுரைய படிச்சிட்டு ஒரு நம்ம ஊர் பையன், "அண்ணா, வாசல்ல டி ஒட்டியிருக்கே, வீட்ட வித்துடலாமா"ன்னு கேக்கறான். அவனுக்கு இப்ப நான்தான் உக்காந்து புரியவெக்கணும்.

அடுத்த இதழ்ல அந்த எழுத்து வேற, ஃபைன் வேறன்னு ஒரு திருத்தம் போடுங்க. கூடவே, சூப்பர் வந்து தட்டுனா கதவ தொறங்கன்னும் ஒரு வரி.

இப்படிக்கு,
ஒரு கட்டட மேனேஜர்,
குவீன்ஸ், நியூயார்க்