வெட்டுக்கிளியும் நம்ம பிள்ளைகளும்

ஹட்டன்

அன்புள்ள குமார்,

சுகந்தானே? அக்காவின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே எல்லாரும் நலம், மழைதான் விட்டபாடில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன் மச்சான்.

ஸ்டீபன் சிம்ப்சன் என்று ஓர் ஆஸ்திரேலிய உயிரியலாளர். கொஞ்ச நாளாக அவருடைய ஆய்வுகளிலேயே மூழ்கிக் கிடக்கிறேன். ஆக்ஸ்போர்டில் இருந்தபோது டேவிட் ரவுபென்ஹைமரோடு சேர்ந்து, புரதமும் மாச்சத்தும் வெவ்வேறு அளவில் கலந்த 25 வகைத் தீனியை வெட்டுக்கிளிகளுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். புரதம் குறைந்த தீனி கிடைத்தவை, வேண்டிய புரதம் சேரட்டும் என்று தின்றுகொண்டே இருந்தன. மாச்சத்து மிஞ்சி உடம்பு கொழுத்தது. வளர்ந்து முடிக்கவும் கூடுதல் நாள் எடுத்தது.

தனியாகத் திரியும் பாலைவன வெட்டுக்கிளி ஏன் படையாகிறது தெரியுமா? நெருக்கத்தில் பின்னந்தொடை உரசப்பட்டாலே போதும், சில மணி நேரத்தில் குணம் மாறிவிடும். உள்ளே வேலை செய்வது செரட்டோனின் என்ற நரம்பு இரசாயனம் என்று 2009இல் அவரும் சகாக்களும் காட்டினார்கள். அமெரிக்காவின் மோர்மன் கிரிக்கெட் பூச்சிகள் அணி அணியாக நடப்பதும் புரதத்தையும் உப்பையும் தேடித்தான். நடை தளர்ந்தால் பின்னால் வருவது கடித்துத் தின்றுவிடும். முன்னால் போவதும் புரதந்தானே!

மனிதப் பசியிலும் புரதத்துக்கு இதே பிடி உண்டு என்று 2005இல் சிம்ப்சனும் ரவுபென்ஹைமரும் எழுதினார்கள். அதை வாசித்ததிலிருந்து என் வகுப்புப் பிள்ளைகள்தான் கண்ணுக்குள் நிற்கிறார்கள். காலையில் கோதுமை மா ரொட்டி, கட்டச் சம்பல், பிளேன்டீ. இடைவேளைக்கும் அதே ரொட்டி. "எவ்வளவு தின்றாலும் அடங்கமாட்டேன் என்கிறானே" என்று தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் ஆயாமார் ஏசுகிறார்கள். பிள்ளை என்ன செய்யும்? வயிறு நிறைகிறது, உடம்பு கேட்டது கிடைக்கவில்லை. 2016 கணக்கெடுப்பில் தோட்டப்புறத்துச் சிறுபிள்ளைகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. இலங்கை முழுக்கப் பார்த்தால் 17 சதவீதம். காரணங்கள் பல இருக்கும். ஆனால் ஒரு முட்டை, ஒரு கை அவித்த கடலை, கொஞ்சம் நெத்தலி இதையெல்லாம் நம்மால் கொடுக்க முடியாதா?

பழைய மாணவர் கூட்டத்தில் நீதான் இதைப் பேச வேண்டும். பெரியண்ணன் முதலில் கட்டிடம், பெயின்ட் என்பார். நீ சொன்னால் கேட்பார். வாரம் இரண்டு நாளாவது முட்டை என்று தொடங்குவோம். செலவுக் கணக்கை நான் போட்டு அனுப்புகிறேன். கூட்டத்துக்கு முன்னமே பதில் போடு.

அன்புடன்,
செல்வம்