அசை போடாத ஆட்டை யார் பார்ப்பது?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேய்ப்பரையும் மந்தையையும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை எரிச்சலோடு, இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. ஆடு புத்தியில்லாத பிராணி, தானாக ஒன்றும் முடிவெடுக்கத் தெரியாது, ஆகவே சபையின் விசுவாசிகள் மேய்ப்பராகிய போதகரின் சொல்லுக்குக் கேள்வி கேட்காமல் அடங்கிப் போக வேண்டும் என்பதே அதன் சாரம். எழுதியவர் ஒரு நாளாவது ஆட்டின் பக்கத்தில் நின்றிருப்பாரா என்று சந்தேகமாக இருக்கிறது.

நான் நின்றிருக்கிறேன். என் தாத்தா கீதாரி. அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுவதற்காக, அதாவது உரத்துக்காக ராத்திரி அடைத்துவைப்பதற்காக, செம்மறியாடுகளை ஊர் ஊராக ஓட்டிப் போவார். பள்ளி விடுமுறையில் சில நாள் நானும் கூடப் போவேன். ராத்திரி ஆடுகள் கிடைக்குள் படுத்த பிறகு அவர் லாந்தரைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வருவார். ஆடுகளை எண்ணுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டபோது சிரித்தார். எண்ணிக்கையைச் சாயங்காலமே முடித்துவிட்டாராம். எந்த ஆடு அசை போடாமல் படுத்திருக்கிறது என்று பார்க்கிறாராம். அசை போடாத ஆட்டுக்கு உடம்பில் ஏதோ கோளாறு. விடியும்வரை விட்டால் ஆடு கையில் இருக்காது. பிற்பாடு நான் செவிலியராகி, இரவுப் பணியில் டார்ச் விளக்கோடு வார்டில் நடந்தபோதெல்லாம் அந்த லாந்தர்தான் நினைவுக்கு வரும்.

முதலில் ஆட்டின் மானத்தைக் காப்பாற்றிவிடுகிறேன். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கத்திலுள்ள பாப்ரஹாம் ஆய்வு நிலையத்தார் செய்த சோதனையில், செம்மறியாடுகள் வேறு ஐம்பது ஆடுகளின் முகங்களை இரண்டு ஆண்டுகள் வரை மறக்கவில்லை என்று தெரிந்தது. 2001-இல் நேச்சர் இதழில் இது வெளியானது. எங்கள் சபையில் ஐம்பது பேரை முகம் பார்த்துப் பெயர் சொல்லும் போதகர் கிடைத்தால் நாங்கள் அவரை வேறு சேகரத்துக்கு மாற்றலாகிப் போகவே விடமாட்டோம்.

யோவான் சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தைக் கட்டுரையாளர் பாதிதான் படித்திருக்கிறார். நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிடுகிறான், அவை பின்செல்லுகின்றன என்பதை எழுதியவர், அடுத்த வசனத்தை விட்டுவிட்டார். அந்நியன் கூப்பிட்டால் ஆடுகள் போகாது, அவனை விட்டு ஓடிப்போகும் என்று இயேசுவே சொல்கிறார். குரலைத் தரம் பிரிக்கும் உரிமையை ஆட்டுக்குக் கொடுத்தவர் அவர். அதைப் பறிக்க நாம் யார்?

கோலும் தடியும் சபை ஒழுங்கை, அதாவது தண்டனையைக் குறிக்கின்றன என்பது கட்டுரையின் இன்னொரு வாதம். இருபத்துமூன்றாம் சங்கீதத்தில் அவை 'தேற்றும்' என்றல்லவா இருக்கிறது! அடிவாங்குகிறவன் தேறுவானா? தாவீது சிங்கத்தையும் கரடியையும் அடித்து, வாயில் அகப்பட்ட குட்டியை மீட்டதாகச் சவுலிடம் சொல்கிறான். தடி யாருக்கு என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. என் தாத்தாவிடமும் இரண்டு கம்பு உண்டு. ஒன்று நரிக்கும் நாய்க்கும். இன்னொன்று தொரட்டி, எட்டாத கிளையை வளைத்து, கருவேல நெற்றை உதிர்த்துப்போட. ஆடு சினையாகவோ நொண்டியாகவோ இருந்தால் அதன் வேகத்துக்கு மந்தையின் நடை குறையும். ஈசாக்கின் மகன் யாக்கோபும் ஏசாவிடம் அதைத்தான் சொன்னான்: ஒரு நாள் துரிதமாய் ஓட்டினால் மந்தையெல்லாம் செத்துப்போகும் என்று.

எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் முப்பத்துநான்காம் அதிகாரத்தை ஒவ்வொரு சபைக் கமிட்டியும் ஆண்டுக்கொரு முறை உரக்க வாசிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பலவீனமானதைப் பலப்படுத்தவில்லை, நோயுற்றதைக் குணமாக்கவில்லை, எலும்பு முறிந்ததற்குக் காயம் கட்டவில்லை, துரத்துண்டதைத் திருப்பிக் கொண்டுவரவில்லை, காணாமற்போனதைத் தேடவில்லை. பிறகு, பலாத்காரமும் கடூரமுமாய் ஆண்டீர்கள். இவைதாம் மேய்ப்பர்கள்மேல் அங்கே வருகிற குற்றச்சாட்டுகள். அவர்கள் நன்றாகப் பிரசங்கம் செய்யவில்லை என்று ஒரு வார்த்தையும் இல்லை. நாமோ புதிதாக வந்த போதகரைப் பற்றி வீட்டில் கேட்கிற முதல் கேள்வியே, பிரசங்கம் எப்படி என்பதுதான்.

அடங்கிப்போ என்கிற போதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சரித்திரத்திலேயே சான்று இருக்கிறது. 1970-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள ஃபோர்ட் லாடர்டேலில் ஐந்து போதகர்கள் சேர்ந்து மேய்ப்பு இயக்கம் ஒன்றைப் பரப்பினார்கள். நம்மூரிலும் நன்கு அறியப்பட்ட டெரிக் பிரின்ஸ் அவர்களில் ஒருவர். ஒவ்வொரு விசுவாசிக்கும் சொந்தமாக ஒரு மேய்ப்பர்; அவருக்கு அடங்கியே வாழ வேண்டும் என்பது ஏற்பாடு. நோக்கம் நல்லதுதான், தறிகெட்டுத் திரிந்த புதிய விசுவாசிகளுக்கு ஒரு பிடிமானம் தேவைப்பட்டது. ஆனால் நாளடைவில் கல்யாணம், வேலை, வீடு மாற்றுவது என எல்லாவற்றுக்கும் மேய்ப்பரிடம் அனுமதி வாங்கும் நிலை பல இடங்களில் வந்தது. குடும்பங்கள் நொந்தன. 1980-களில் டெரிக் பிரின்ஸ் விலகினார். ஐவரில் இன்னொருவரான பாப் மம்ஃபோர்டு பிற்பாடு வெளிப்படையாகவே மன்னிப்புக் கேட்டார். தவறை ஒத்துக்கொண்ட அந்தத் துணிவுக்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

யோவான் இருபத்தொன்றாம் அதிகாரத்தில் சீஷனாகிய பேதுருவிடம் இயேசு மூன்று முறை சொன்னது நம் பழைய வேதாகமத்தில் மூன்று முறையும் 'மேய்ப்பாயாக' என்றே இருக்கிறது. மூலமொழியான கிரேக்கத்தில் இரண்டு வேறு வினைகள்: ஒன்று இரை கொடுத்துப் பேணுவது, மற்றது மந்தையை நடத்துவது. கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் 'பேணி வளர்' என்றும் 'மேய்' என்றும் வித்தியாசம் காட்டியிருக்கிறார்கள். பேணுவது இரண்டு தடவை, நடத்துவது ஒரு தடவை. கட்டுரையாளர் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி, நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். மருத்துவமனைக்கு வரும் ஊழியர்களில் பெரும்பாலோர் நின்றுகொண்டே ஜெபிப்பார்கள். வார்டு முழுவதும் கேட்கும். நோயாளியிடம் ஒரு கேள்வியும் இல்லை. குழந்தையைப் பறிகொடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகாத தாயிடம், 'கர்த்தர் எடுத்துக்கொண்டார், துதியுங்கள்' என்று ஒருவர் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அவள் முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் பாப்பரசராக இருந்த பெரிய கிரகோரியார் மேய்ப்புப் பணிக்கென்று எழுதிய நூலில், ஒரு பிராணியை வளர்க்கும் தழையே இன்னொன்றைக் கொன்றுவிடும் என்கிறார். துக்கப்படுகிறவனுக்கு ஒரு விதம், களிப்பவனுக்கு வேறு விதம், ஏழைக்கு ஒரு விதம், பணக்காரனுக்கு வேறு விதம் என்று பக்கம் பக்கமாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார். நம் ஆட்களிடம் இருப்பதோ எல்லா வியாதிக்கும் ஒரே மாத்திரை.

எங்கள் வார்டுக்கு ஒரு வயதான உபதேசியார், அதாவது போதகருக்கு உதவியாக இருக்கும் சபை ஊழியர், சைக்கிளில் வருவார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். 'ராத்திரி தூங்கினீர்களா?' என்பார். பதில் முடியும்வரை குறுக்கிடமாட்டார். சில நாள் ஜெபிக்காமலேயே போய்விடுவார். வாசலில் நின்று தனியாக ஜெபிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர் போன பிறகு நோயாளிகள் ஊசிக்குத் தகராறு செய்யமாட்டார்கள் என்பது செவிலியர்களுக்குள் ஒரு பேச்சு.

அவரிடம் சொன்னது அவரோடு நிற்கும். இப்போது அதுவும் அரிதாகிவிட்டது. மகன் குடிக்கிறான் என்று ஒரு தாய் கண்ணீரோடு கொடுக்கும் ஜெபக்குறிப்பு, ஞாயிறு மாலைக்குள் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது, பெயரோடு! பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற கத்தோலிக்கக் குருக்களின் கட்டுப்பாட்டை நாம் கொஞ்சமாவது கடன் வாங்கலாம்.

போதகர்களை மட்டும் குறை சொல்வது அநியாயம். ஏழெட்டுக் கிராமங்களை ஒரே ஆள் பார்க்க வேண்டிய சேகரங்கள் உண்டு. கட்டட நிதி, நிர்வாகத் தேர்தல், அசன விருந்து, கோர்ட்டு வழக்கு என்று அவர்கள் நாள் போய்விடுகிறது. ஆனால் மிலேத்து பட்டணத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் மந்தையை ஒப்படைத்தது ஒரு ஆளிடம் அல்ல, எபேசு சபையின் மூப்பர்கள் எல்லோரிடமும். என் தாத்தாவும் தனியாக மேய்த்ததில்லை. குட்டிகளைக் கிடையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டவர் பாட்டி. தகப்பனுடைய ஆடுகளை மேய்த்த ராகேலைப் பற்றி ஆதியாகமம் சொல்கிறது. வீடு வீடாகப் போய் வாசிக்கவும் ஜெபிக்கவும் கற்றுக்கொடுத்த வேதாகமப் பெண்கள் திருநெல்வேலிச் சீமையில் தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள். அவர்களை மேய்ப்பர்கள் என்று யாரும் அழைக்கவில்லை.

அதே சீமையில் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்து, 1912-இல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் என்று பெயர் பெற்றவர் அசரியா. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கூடிய மிஷனெரி மாநாட்டில் அவர் மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே பேசினார். நீங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், சரீரத்தையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அங்கே பலருக்கு அது பிடிக்கவில்லை. மேலே நின்று பராமரிக்கப்பட்டவர்களின் மனக்குறை அது. இன்று நம் சபைகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு ஆசீர்வாதம் முடியுமுன் எழுந்து போகிறவர்களிடம் கேட்டால், கிட்டத்தட்ட அதே வார்த்தைகள் வரும் என்று நினைக்கிறேன்.

கட்டுரையாளருக்கு மறுப்பு எழுதும்படி வேறு யாரையும் கேட்க வேண்டாம். விவாதம் வளர்ந்துகொண்டே போகும். அதற்குப் பதில், ஓய்வுபெற்ற உபதேசியார்கள் சிலரைத் தேடிப்பிடித்து, அவர்கள் ஒரு வாரத்தில் எத்தனை வீட்டு வாசல்களில் ஏறினார்கள், அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்டு வெளியிடுங்கள். எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். ஒருவருக்குக் காது கேட்காது; கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
அருப்புக்கோட்டை.