தாடையை வெட்டி எடுத்ததோடு சிகிச்சை முடிந்துவிடக் கூடாது

மதிப்புக்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழக அதிகாரிகளுக்கும்,

வணக்கம். செயற்கைப் பல் கட்டுவது என் தொழில். வாய்ப் புற்றுநோயிலும் கரும்பூஞ்சையிலும் தாடையைப் பறிகொடுத்தவர்கள், எல்லா மருத்துவர்களையும் பார்த்து முடித்த பிறகு கடைசியாக வருவது என்னைப் போன்றவர்களிடம்தான். அவர்களுக்கு முப்பரிமாண (3டி) பிரிண்டரில் அச்சிட்ட பொருட்களைக் கொண்டு தாடையைத் திரும்பக் கட்டித் தரும் வழியைக் கேட்டுத்தான் இந்த மடல்.

2021 கோடையில் கொரோனாவின் இரண்டாம் அலையோடு கரும்பூஞ்சையும் சேர்ந்து வந்தது. அந்த மே மாதமே தமிழ்நாடு அரசு அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. பூஞ்சையைக் கொல்லும் ஆம்போடெரிசின் மருந்து ஏற்றி, பூஞ்சை அரித்த மேல்தாடையை வெட்டி எடுத்து, அரசு மருத்துவர்கள் பலரைப் பிழைக்க வைத்தார்கள். பிழைத்தவர்களில் சிலர் அண்ணத்தில் ஓட்டையோடு வீடு போனார்கள். என்னிடம் வந்த ஒரு அம்மா, இட்லிக்கடை வைத்திருந்தவர், பஞ்சைச் சுருட்டி அந்த ஓட்டையில் அடைத்துக்கொண்டு வந்தார். பஞ்சை எடுத்தால் குடிக்கும் கஞ்சி மூக்கு வழியாக வரும். பேச்சும் மூக்கில் போய்விடுவதால் இரண்டு இட்லி என்ன விலை என்றுகூட வாடிக்கையாளருக்குப் புரியும்படி சொல்ல முடியவில்லை. கடையை மகனிடம் விட்டுவிட்டார். ஓட்டையை மூட ஒரு தகடு செய்து கொடுத்தேன். ஆனால் தகடு பிடித்து நிற்க மிச்சப் பற்களும் எலும்பும் வேண்டுமே. அவருக்கு ஒரு பக்கம் இரண்டுமே இல்லை. மெல்லும்போதெல்லாம் அது நழுவுகிறது.

தாடையை மறுபடி கட்ட இன்று நம்மிடம் இருக்கும் சிறந்த வழி, காலிலிருந்து ஃபிபுலா என்ற மெல்லிய எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்து, தாடையின் வளைவுக்கு ஏற்ப வெட்டிப் பொருத்துவது. 1989 முதல் கீழ்த்தாடைக்கு இது செய்யப்படுகிறது. அருமையான அறுவை சிகிச்சை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பல மணி நேரம் பிடிக்கும். நுண்ணிய ரத்தக்குழாயைத் தைக்கத் தெரிந்த கைகள் வேண்டும். சர்க்கரை நோயால் காலில் ரத்த ஓட்டம் கெட்டுப்போனவருக்கு அந்த எலும்பை எடுப்பதே ஆபத்து. இந்தியாவில் 2020ஆம் ஆண்டில் மட்டும் புதிதாக வாய்ப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 1.35 லட்சம் பேர் என்று உலகப் புற்றுநோய் மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் தாடையை இழக்கும் எல்லாருக்கும் ஃபிபுலா கிடைக்கும் நிலை இல்லை.

அச்சிட்ட எலும்புப் பொருட்கள் உதவக்கூடிய இடம் இதுதான். சிடி ஸ்கேனில் நல்ல பக்கத்துத் தாடையை எடுத்து, கணினியில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, காணாமல் போன பக்கத்தின் வடிவத்தை வரைந்து, அதை அப்படியே அச்சிடுகிறார்கள். நெதர்லாந்தில் 2011இல் 83 வயது மூதாட்டி ஒருவருக்கு டைட்டானியத்தில் அச்சிட்ட முழுக் கீழ்த்தாடையே பொருத்தப்பட்டது. எடை 107 கிராம். ஆனால் டைட்டானியம் கடைசிவரை உலோகமாகவேதான் இருக்கும், எலும்பாக மாறாது. அடுத்த கட்டமாக வந்தவை, நம் எலும்பில் இருக்கும் தாதுவை ஒத்த ஹைட்ராக்ஸிஅபடைட், ட்ரைகால்சியம் பாஸ்பேட், அப்புறம் உடலுக்குள் இரண்டு மூன்று ஆண்டுகளில் கரையும் பாலிகாப்ரோலாக்டோன் போன்ற பாலிமர்கள். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துளைகளோடு இவற்றை அச்சிட்டால், அந்தத் துளைகளுக்குள் ரத்தக்குழாயும் எலும்புச் செல்லும் புகுந்து வளரும். கொடி ஏறப் பந்தல் போடுவது போலத்தான். என்ன, பொருளைப் பொறுத்து இந்தப் பந்தல் மெல்லக் கரைந்து எலும்புக்கு இடம் விட்டுவிடும்.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் பிறந்து 2016இல் வெளியான, வளைத்து வெட்டக்கூடிய அச்சு எலும்பின் வழியில் வந்த பொருளுக்கு 2023 டிசம்பரில் அந்நாட்டு மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்திருக்கிறது, முக எலும்புகளில் பயன்படுத்த. விலங்கெலும்பு கலக்காத பொருள் என்பதும் நம் ஊரில் முக்கியம். இப்போது பல் மருத்துவத்தில் போடும் எலும்புத் தூள்களில் பல மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருபவை. “இது எந்த எலும்பு, டாக்டர்?” என்று கேட்டுவிட்டு வேண்டாம் என்று எழுந்து போனவர்கள் எனக்குத் தெரியும்.

இதில் அவசரப்படவும் கூடாது. ஈறும் எலும்பும் கரைந்த ஒருவருக்கு பாலிகாப்ரோலாக்டோனில் அச்சிட்ட சாரத்தை, அதாவது நான் பந்தல் என்று சொன்ன துளைச் சட்டத்தை, முதன்முதலில் வைத்த விவரம் 2015இல் வெளியானது. ஓராண்டு வரை நன்றாக இருந்தது. பதின்மூன்றாம் மாதம் ஈறு விலகி வெளியே தெரிந்து, கடைசியில் எடுக்க வேண்டியதாயிற்று. வாய் என்பது எச்சிலும் கிருமியும் நிறைந்த இடம். கதிர்வீச்சு வாங்கிய தாடையில் ரத்த ஓட்டம் குறைவு. மெல்லும் பாரம் முழுவதையும் தாங்க வேண்டிய பெரிய கீழ்த்தாடைப் பள்ளத்துக்கு இந்தச் சாரம் மட்டும் இன்று போதாது. ஆகவே ஃபிபுலாவை ஓரங்கட்டச் சொல்லவில்லை. மேல்தாடையில், சின்னப் பள்ளங்களில், பாரம் குறைந்த இடங்களில் ஆரம்பிக்கலாம்.

அதற்கும் முன்னால் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நோயாளியின் தாடையைச் சாதாரணப் பிளாஸ்டிக்கில் அச்சிட்டு, அறுவைக்கு முந்தைய நாளே அந்த மாதிரியின் மேல், எலும்பைப் பிடித்து நிறுத்தும் டைட்டானியம் பிளேட்டை வளைத்து வைத்துக்கொள்வது. நோயாளி மயக்கத்தில் கிடக்கும்போது மேசை ஓரத்தில் நின்று பிளேட்டை வளைத்து வளைத்துப் பார்க்கும் நேரம் மிச்சமாகும். இதற்கான பிரிண்டர் பெரிய செலவும் இல்லை. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே ஒரு பிரிவும், நிரந்தரப் பணியில் ஒரு பொறியாளரும் இருக்கட்டும். மற்ற மாவட்டங்களிலிருந்து ஸ்கேன் கோப்பை அனுப்பினால் இங்கிருந்து மாதிரி போய்ச் சேரட்டும்.

மருத்துவப் பணிகள் கழகத்துக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஒரே மாத்திரையை லட்சக்கணக்கில் வாங்கி விலையைக் குறைப்பதில் உங்களுக்கு நாடறிந்த பெயர் உண்டு. ஆனால் அச்சிட்ட தாடை ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. ஒவ்வொன்றுக்கும் தனி டெண்டர் விட்டால் நோயாளியின் காயம் ஆறிச் சுருங்கிவிடும். பொருளின் எடைக்கும் வடிவமைப்பு வேலைக்கும் முன்கூட்டியே விலை பேசி வைக்கும் ஒப்பந்தம் ஒன்றை யோசியுங்கள்.

பொருளை நாமே செய்யவும் முடியும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம் உருவாக்கிய இதய வால்வு 1990இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டு, டிடிகே நிறுவனத்தின் தயாரிப்பாக நாடெங்கும் போனது. எலும்புக்கான பயோசெராமிக்கையும் (உடல் ஏற்றுக்கொள்ளும் பீங்கான் வகைப் பொருள்) அதே ஸ்ரீ சித்திரை நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. அவர்களையும் நம் பல் மருத்துவக் கல்லூரிகளையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது அரசு நினைத்தால் நடக்கும்.

காப்பீட்டுத் திட்டத்தில், எலும்பை எடுப்பதில் தொடங்கி அதைத் திரும்பக் கட்டி, மேலே பல் வைப்பது வரை எல்லாவற்றையும் ஒரே சிகிச்சையாகக் கணக்கில் எடுங்கள். அச்சிட்ட பொருள் வைக்கப்படும் ஒவ்வொருவரையும், அரசு மருத்துவமனையோ தனியாரோ, ஐந்தாண்டு பின்தொடரும் பதிவேடு ஒன்றை முதல் நாளிலேயே தொடங்குங்கள். தோற்றவையும் அதில் ஏறட்டும், எல்லா மருத்துவர்களும் அதைப் பார்க்கட்டும்.

இதற்கென்று குழு அமைத்தால் அறுவை மருத்துவர்களோடு, பல் கட்டுபவர் ஒருவரையும் தாடை இழந்தவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
செயற்கைப் பல் கட்டும் மருத்துவர் ஒருவர்