கியர்பாக்ஸை இறக்கும் முன் ஒரு வார்த்தை

அன்புள்ள கண்ணுக்கு,

நேற்று ராத்திரி நீ ஃபோனில், காரில் கிளட்ச் மாற்றும்போதே ஃபிளைவீலையும் (என்ஜின் தண்டின் முனையில் கிளட்சோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம்) லேசானதாக மாற்றலாமா என்று கேட்டபோது "அதெல்லாம் வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் லேத்தில் நின்றவன் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்று சொன்னது எனக்கே பிடிக்கவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கிளட்ச் போய்விட்டது என்பதில் சந்தேகமில்லை. மூன்றாவது கியரில் மிதித்தால் என்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை என்கிறாய். போன மாதம் இங்கிருந்து பெங்களூர் திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் கருகல் வாசம் வந்தது என்றாய். பிளேட் தேய்ந்து ரிவெட் வரை வந்திருக்கும். எப்படியும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். அப்போது ஃபிளைவீல் கண்ணுக்கு நேரே நிற்கும். 'இதையும் லேசானதாக மாற்றிவிட்டால் என்ன' என்ற ஆசை அந்த நேரத்தில்தான் வரும். கூலி ஒன்றுதான், இப்போது விட்டால் இன்னொரு தடவை இறக்க முடியாது. அந்த ஆசையை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

ஆனால் கடைக்காரர் உன்னிடம் 10 குதிரைசக்தி கூடும் என்று சொன்னாரே, அது இல்லை. ஃபிளைவீல் சக்தியைத் தயாரிக்காது, வாங்கி வைத்துக்கொள்ளும், கேட்டால் திருப்பிக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. உன் ஹோண்டா சிட்டி விடெக் காரின் என்ஜின் 106 குதிரைசக்தி என்றால், என்ன ஃபிளைவீல் போட்டாலும் அதே 106தான். வேகமெடுக்கும்போது என்ஜின் தன் சக்தியில் ஒரு பங்கை ஃபிளைவீலைச் சுழற்றவே செலவழிக்கிறது. அந்தப் பங்கு குறையும். சக்கரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். வேகமெடுக்கும்போதுதான் இது. ஒரே வேகத்தில் ஓசூர் ரோட்டில் போகும்போது ஒரு வித்தியாசமும் இருக்காது.

எவ்வளவு கூடுதல் என்று கேட்பாய், உனக்குக் கணக்கு பிடிக்கும். விளிம்புப் பக்கமிருந்து 3 கிலோ குறைத்ததாக வைத்துக்கொள். அது மையத்திலிருந்து 11 செ.மீ. தள்ளி இருக்கிறது. டயரின் ஆரம் 28 செ.மீ. முதல் கியரில் மொத்த விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற என்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) சுமார் 13, மூன்றாவதில் 5, ஐந்தாவதில் 3 என்று எடுத்துக்கொள். விகிதத்தை வர்க்கப்படுத்திப் பெருக்க வேண்டும், சூட்சுமம் அங்கேதான். முதல் கியரில் வண்டியிலிருந்து 78 கிலோ எடையை இறக்கியது போல இருக்கும், அதாவது முன் சீட்டில் உட்கார்ந்த ஒரு ஆளை இறக்கிவிட்ட மாதிரி. மூன்றாவதில் 12 கிலோகூட இல்லை. ஐந்தாவதில் 4 கிலோ, உன் கைப்பையும் தண்ணீர் பாட்டிலும் மாதிரி. அதனால்தான் 'பிக்கப் பிரமாதம்' என்று சொல்பவர்கள் எல்லாரும் முதல் இரண்டு கியரைத்தான் சொல்கிறார்கள். பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்கிறார்கள்.

எடையைவிட எடை இருக்கும் இடம் முக்கியம். நடுவில் துளை போட்டு ஒரு கிலோ எடுத்தாலும் பெரிதாகத் தெரியாது. விளிம்பில் அரை கிலோ எடுத்தால் தெரியும். கேட்லாக்கில் 'இத்தனை கிலோதான்' என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்கிவிடாதே.

இனி நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். உங்கம்மாவுக்குக்கூட இது முழுசாகத் தெரியாது. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் கோயம்புத்தூர்ப் பட்டறைகளுக்கெல்லாம் ஒரு பித்து பிடித்திருந்தது. ஃபிளைவீலை லேத்தில் ஏற்றி, பின்பக்கம் சீவிச் சீவி லேசாக்கித் தருவோம். ரேஸில் வண்டி முழு நேரமும் மேல் சுற்றிலேயே, அதாவது என்ஜின் அதிவேகமாகச் சுழலும் நிலையிலேயே ஓடும், டிராஃபிக்கில் நிற்பது கிடையாது. அங்கே அது சரி. நானும் கை பழகிவிட்டது. அப்புறம் ஒரு வாத்தியார் ஊருக்குள் ஓட்டும் காரைக் கொண்டுவந்து அதே மாதிரி செய்து கொடு என்றார். செய்தேன். நன்றாகவே சீவினேன், பெருமையோடு. இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். காந்திபுரம் சிக்னலில் மூன்று தடவை அணைந்துவிட்டதாம். குன்னூர் ஏற்றத்தில் பின்னால் பஸ் நிற்க, கிளம்ப முடியாமல் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்துப் போனாராம். ஒரு வார்த்தை திட்டவில்லை. "பழைய மாதிரி ஆக்கிக் கொடுங்கள் தம்பி" என்றார். சீவிய இரும்பை எங்கே போய் ஒட்டுவது? என் காசில் வேறு ஃபிளைவீல் தேடிப் போட்டுக் கொடுத்தேன்.

நான் சீவிய ஃபிளைவீல் வார்ப்பிரும்பு என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. மெலிசாகச் சீவினால் மேல் சுற்றில் வெடித்துச் சிதறலாம். கிளட்ச் இருக்கும் இடம் டிரைவர் காலுக்குப் பக்கம் என்பதை நினைத்துப் பார். அந்த வாத்தியார் அணைந்துபோன வண்டியோடு திரும்பி வந்தது என் அதிர்ஷ்டம். எனவே யாராவது 'இருக்கிறதையே லேத்தில் சீவித் தருகிறேன், சீப்பாக முடியும்' என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடு. லேசானது வேண்டுமென்றால் அதற்கென்றே ஃபோர்ஜ் செய்த, அதாவது அடித்து உருவாக்கிய ஸ்டீல் வாங்க வேண்டும். அலுமினியமும் கிடைக்கும், பிளேட் உரசும் இடத்தில் ஸ்டீல் தகடு பதித்திருப்பார்கள். சூட்டில் அலுமினியம் ஸ்டீலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்துவைக்கும் வேலை சுத்தமாக இருக்க வேண்டும். ரோட்டு வண்டிக்கு நான் ஸ்டீலைத்தான் சொல்வேன்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நீ தினமும் சில்க் போர்டு வழியாகத்தானே போகிறாய்? ஆஃபீஸ் போய்ச் சேர்வதற்குள் எத்தனை தடவை நின்று கிளம்புகிறாய் என்று ஒருநாள் எண்ணிப் பார். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் ஃபிளைவீலில் சேர்ந்திருக்கும் சுழற்சியைக் கடன் வாங்கித்தான் கிளம்புகிறாய். சுழலும் நிறையின் பிடி பாதியாகிவிட்டால் அதே கடன் கிடைக்க, நிமிடத்துக்கு 1200 சுற்றில் கிளம்பியவள் 1700க்கு மிதிக்க வேண்டும். சுற்று ஏறினால் கிளட்ச் கூடுதலாக உரசும், சூடாகும். புது கிளட்ச் போடும் கையோடு அதைச் சீக்கிரம் தின்னும் சாமானையும் சேர்த்துப் போடுவதா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாலு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவைதான் வெடிப்பு. இடைப்பட்ட நேரத்தில் சுற்றை இழுத்துக்கொண்டு போவது ஃபிளைவீல். அது லேசானால் ஐடிலிங்கில் நடுக்கம் வரும், கியர்பாக்ஸிலிருந்து கலகல என்று ஒரு சத்தம் வரும், ஏ.சி. போட்டால் கூடுதல். சில புதுக் கார்களில் இந்த நடுக்கத்தை மிஸ்ஃபயர் (சிலிண்டரில் வெடிப்பு தவறுவது) என்று நினைத்து செக் என்ஜின் லைட்டே எரியும். டீசல் வண்டிகளில் வரும் இரட்டை நிறை ஃபிளைவீல் வேறு சமாச்சாரம், உள்ளே ஸ்பிரிங் வைத்து அதிர்வை விழுங்குவது. உன் சிநேகிதி தன் டீசல் காருக்கும் லேசானது போடலாமா என்று கேட்டதாகச் சொன்னாயே, அவளிடம் தொடவே வேண்டாம் என்று சொல்.

நீ ஃபோனில் இன்னொன்று சொன்னாய். வேகத்துக்காக இல்லை அப்பா, கியர் குறைக்கும்போது சுற்று டக்கென்று ஏறி இறங்குவது பிடிக்கும் என்று. அது எனக்குப் புரிகிறது. செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே ரேஸ் தளம் 2003ல் திறந்த புதிதில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றேன். வண்டிகள் வளைவுக்கு வரும்போது அந்தச் சத்தத்துக்கு நீ கை தட்டினாய். இன்று நீ கேட்பதும் அதே சத்தத்தைத்தான். அதனால் இப்போது முழுசாக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போட்டே தீர வேண்டும் என்றால் பழையதைவிட நாலில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு குறைவானதாகப் போடு. பாதி வேண்டாம். கிளட்ச் பிளேட் நடுவில் ஸ்பிரிங் வைத்ததாக இருக்கட்டும், ரேஸ் பிளேட் வேண்டாம்.

எதுவாக இருந்தாலும் மெக்கானிக்கிடம் இதைச் சொல். பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்த்து மாற்றச் சொல். கிரேங்க் பின்பக்க ஆயில் சீலையும் இப்போதே மாற்றட்டும், ஒரு சின்ன சீலுக்காக மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். ஃபிளைவீல் போல்ட் புதிது போட வேண்டும், டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துக் குறுக்குக் குறுக்காக முடுக்க வேண்டும். ஃபிளைவீலின் முகத்தில், அதாவது பிளேட் உரசும் பக்கத்தில், கிரீஸ் கை படக் கூடாது. போட்ட பிறகு ஐந்நூறு கிலோமீட்டர் பொறுமையாக ஓட்டு, சிக்னலில் ஹாஃப் கிளட்சில் நிற்காதே. இது புதிதாகச் சொல்லவில்லை, லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து சொல்கிறேன்.

பழைய ஃபிளைவீலைக் கடையில் விட்டுவிடாதே. கழற்றியதும் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள், முகத்தில் நீலப் பொட்டும் மயிரிழை வெடிப்பும் இருக்கிறதா என்று போட்டோ அனுப்பு. வெடிப்பு இல்லையென்றால் முகத்தை மட்டும் மிக மெலிதாகச் சமன் செய்து கொடுத்தால் அதுவே இன்னும் பல வருஷம் ஓடும். அடுத்த வாரம் ரவை உருண்டையும் முறுக்கும் பஸ்ஸில் போட்டு அனுப்புகிறோம், வெறும் டப்பாவை எறியாமல் அதே பையில் ஃபிளைவீலை நியூஸ்பேப்பர் சுற்றி அனுப்பிவிடு. கனமாக இருக்கும், கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

அப்பா

கணபதி, கோயம்புத்தூர்