கோடில்லாத அணில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில், குழந்தைகளுக்குக் கதை எழுதிப் படமும் தாமே வரைந்த ஆங்கிலேயப் பெண்மணி பியாட்ரிக்ஸ் பாட்டர் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அரைப் பக்கத்தில் அந்த அம்மாளை அடக்குவது சிரமம்தான். ஆனாலும், 'முதல் புத்தகம் 1902-இல் வெளியானது' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். கதையே அதற்கு முன்னால்தான் இருக்கிறது.

1893 செப்டம்பரில் ஸ்காட்லாந்திலிருந்து, காய்ச்சலோ என்னவோ, உடம்புக்கு முடியாமல் படுத்திருந்த ஐந்து வயதுப் பையன் நோயலுக்கு அவர் ஒரு கடிதம் போட்டார். தமக்கு முன்பு வீட்டில் பாடம் சொல்லித்தந்த ஆசிரியையின் மகன் அவன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை, நாலு முயல்குட்டிகளின் கதை சொல்கிறேன் என்று தொடங்கி, வரிகளுக்கு இடையிலேயே படமும் போட்டுவிட்டார். அந்தக் கடிதத்தைப் பையன் பத்திரமாக வைத்திருந்தான். சில வருடம் கழித்து அவனிடமே இரவல் வாங்கிப் புத்தகமாக்கினார். பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. சின்னப் பிள்ளை கைக்குள் அடங்குகிற அளவில்தான் வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்று அம்மாள் பிடித்த பிடியை விடவில்லை. 1901 டிசம்பரில் கைக்காசைப் போட்டு 250 பிரதி அச்சடித்தார். அதற்குப் பிறகுதான் வண்ணப் படங்களோடு வந்த உங்கள் 1902.

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. அவர் காளான்களை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து வரைந்தவர். 1897-இல் லண்டனில் லின்னியன் சங்கம் என்ற இயற்கை ஆய்வாளர் சங்கத்துக்குக் கட்டுரையே கொடுத்தார். பெண்களுக்கு அங்கே அனுமதி இல்லாததால் ஓர் ஆண்தான் அதைச் சமர்ப்பித்தார். இந்தக் கண்தான் முயலையும் வரைந்தது. லண்டன் வீட்டு மாடியில் முயல், எலி, முள்ளெலி, வௌவால் என்று வளர்த்தவர். செத்துப்போனதை வேகவைத்து எலும்பை எடுத்து வரைந்து பார்ப்பாராம். கேட்கக் கொஞ்சம் அருவருப்புதான். ஆனால் அந்தக் கதையின் நாயகன் பீட்டர் முயலுக்கு நீலக் கோட்டு மாட்டிவிட்டாலும் உள்ளே முதுகு முயல் முதுகாகவே வளைகிறது. பீட்டர் என்ற பெயரே அவர் வளர்த்த முயலுடையது.

முப்பத்தோரு வருடம் பள்ளியில் ட்ராயிங் மாஸ்டராக இருந்தவன் நான். இதை எழுதக் காரணம் என் பேத்தி. ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் அவளுக்கு ஒரு தமிழ்க் கதைப் புத்தகம் வாங்கினேன். ராமர் அணிலின் முதுகைத் தடவிக்கொடுத்த கதை. இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள், எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"தாத்தா, இதுல கோடு எங்க?"

வாங்கிப் பார்த்தேன். செம்பழுப்பு உடம்பு, காதில் குஞ்சம், தலைக்கு மேல் வளைந்த புசுபுசு வால். கையில் ஓக் மரத்துக் கொட்டை வேறு. சாட்சாத் இங்கிலாந்து அணில். 1903-இல் பாட்டர் எழுதிய நட்கின் என்ற அணிலின் கதைக்கு அது பொருத்தம், அவர் ஊரில் அதுதான் மரமேறியது. கீழே தமிழில், 'அன்று முதல் அணிலுக்கு மூன்று கோடுகள்'. எங்கள் வீட்டு மதில்மேல் கோடு போட்ட அணில் காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறது!

அடுத்த பக்கத்துக் காக்கையும் முழுக்கக் கறுப்பு. சென்னையில் சோற்றுக்கு வரும் காக்கைக்குக் கழுத்து சாம்பல் நிறம் என்பது எச்சில் தட்டு எடுக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

வரைந்தவர் யாரென்று அட்டையிலிருந்து கடைசித் தாள்வரை தேடினேன். பெயரே இல்லை. பதிப்பகத்துக்கு போன் போட்டேன். "படம் நெட்ல எடுத்தது சார், ஆர்ட்டிஸ்ட்னு தனியா யாரும் இல்லை" என்றார் ஒருவர், மரியாதையாகத்தான்.

வடபழனியிலிருந்து வந்துகொண்டிருந்த அம்புலிமாமா காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். விக்கிரமாதித்தன் தோளில் பிணத்தைச் சுமந்து நடக்கும் படத்தைப் பார்த்ததுமே, சங்கர் போட்டது என்று சொல்வோம். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவர் காலமாகி நாலு மாதம். போகட்டும். அவர் பெயராவது தெரிந்திருந்தது.

தமிழில் நன்றாக வரைகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அவர்களை அழைத்து நல்ல புத்தகம் போடுகிறவர்களும் இதே ஊரில் உண்டு. ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் இதழில் சிறுவர் நூல்களுக்கு மதிப்புரை எழுதும்போது எழுதியவர் பெயர், விலை, பக்கம் எல்லாம் போடுகிறீர்கள். ஓவியர் பெயரையும் சேருங்கள். பெயர் இல்லாத புத்தகமென்றால், 'ஓவியர்: குறிப்பிடவில்லை' என்று அச்சடியுங்கள். பார்த்துவிட்டாவது யாராவது கூச்சப்படட்டும்.

அந்த அணில் பக்கத்தை நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். முதுகில் இருக்கும் மூன்று கோடு அச்சில் வந்ததல்ல, பேத்தி பென்சிலில் போட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
பெரம்பூர், சென்னை - 11