பாட்டுச் சீட்டு

மதுரை,
28.12.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. மூட்டு வலி, பேத்தியின் அரையாண்டுத் தேர்வு என்று என்னிடம் சாக்குகளுக்குக் குறைவில்லை. ஒன்றும் உன்னிடம் செல்லாது என்பதால் விட்டுவிடுகிறேன். கோத்தகிரியில் குளிர் தாங்கவில்லை, அம்மா கம்பளியை விட்டு வெளியே வருவதே இல்லை என்று எழுதியிருந்தாய். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல். நான் சொன்னதாகச் சொன்னால் கேட்பார்கள்.

பாட்டுக்கு வருகிறேன். கல்லூரி நாளில் நோட்டுத் தாளைக் கிழித்துப் பன்னிரண்டு பாட்டு எழுதி கேசட் கடையில் கொடுத்துவிட்டு, பதிவாகி வர நான்கு நாள் காத்துக் கிடப்போமே, அந்தச் சீட்டு எழுதும் வியாதி நம் இருவருக்கும் இன்னும் தீரவில்லை. அறுபது நிமிடக் கேசட்டில் கடைசிப் பாட்டு எப்போதும் பாதியில் அறுந்துவிடும். சில பாட்டுகள் எப்படி முடியும் என்பதே எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. இந்த வருடச் சீட்டுக்கு ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டேன்: சினிமாப் பாட்டு கூடாது. கதாநாயகன், மலைச்சரிவு, மழை எதுவும் துணைக்கு வராமல் தனியாக வந்து நிற்கும் பாட்டுகள் மட்டும்.

நீ சண்டைக்கு வரப்போகும் பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். சாய் அபயங்கரின் ‘கட்சி சேர’. ஜனவரியில் வந்தது. யூடியூபில் பத்துக் கோடித் தடவைக்கு மேல் பார்த்துவிட்டார்கள். பேத்தி அதற்கு ஆடியே எங்கள் வீட்டுத் தரை தேய்ந்தது. “திப்பு - ஹரிணி மகனுக்கு என்ன சுயாதீனம்?” என்று கேட்பாய். நியாயம்தான். பாட்டுக்காரர் வீட்டில் பிறந்து, பெரிய நிறுவனம் வெளியிட்ட பாட்டைத் தெருவிலிருந்து முளைத்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் மெட்டு நல்ல மெட்டு. மே மாதம் தங்கையோடு சேர்ந்து ‘ஆச கூட’ பாடினார், அது எனக்கு இன்னும் ஒரு படி மேல். என் குறை வேறு. இந்த மாதம் பார், சூர்யா படத்துக்கு அவர்தான் இசை என்று அறிவிப்பு வந்துவிட்டது. நம் ஊரில் தனிப்பாட்டு என்பது சினிமா வாசலுக்குப் போடும் விண்ணப்பமாகவே இருக்கிறது. வாசல் திறந்ததும் விண்ணப்பத்தை யார் நினைப்பார்கள்?

அந்த வாசல் பக்கமே போகாமல் உலகம் சுற்றிய பாட்டு ஹனுமான்கைண்டின் ‘பிக் டாக்ஸ்’. மலப்புறத்தில் பிறந்து, அமெரிக்காவின் ஹூஸ்டனில் வளர்ந்து, பெங்களூருக்கு வந்து சேர்ந்தவர். முழுக்க ஆங்கில ராப். ஜூலையில் வந்து அமெரிக்காவின் பில்போர்டு முதல் நூறு பட்டியலிலேயே ஏறிவிட்டது. எனக்கு ஒரு வரி பிடிபடவில்லை. ஆனால் காணொளியைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பொன்னானியில் எடுத்திருக்கிறார்கள். மரணக் கிணறு, மாப்பிள்ளை! தமுக்கம் சித்திரைப் பொருட்காட்சியில் நீயும் நானும் பலகை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்த அதே கிணறு. மோட்டார் சைக்கிள் மேலே ஏற ஏறப் பலகை கையில் அதிரும், பெட்ரோல் புகை மூக்கில் ஏறும், நீ நீட்டிய இரண்டு ரூபாய்த் தாளை அவன் கையை விட்டுவிட்டு வந்து பிடுங்கிக்கொண்டு போனான். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசு அது. அந்தக் கிணற்றின் நடுவே நின்று ஒருவன் பாடுகிறான் என்றால் எனக்கு ஆங்கிலம் எதற்கு?

அடுத்த பாட்டை நீ எங்கேயும் கேட்டிருக்க மாட்டாய். எங்கள் பின்தெருவில் ஒரு பையன், பாலிடெக்னிக் படித்தவன், மாடி அறையில் சுவர் முழுக்கப் போர்வையைத் தொங்கவிட்டு ராப் பாடுகிறான். இணையத்தில் இலவசம் என்று போட்டிருந்த தாளத்தை எடுத்து முதல் பாட்டைச் செய்தான். ஏற்றி ஒரு வாரத்தில், அந்தத் தாளம் தன்னுடையது என்று வேறு யாரோ உரிமை கோர, பாட்டை எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவன் அம்மா வாசலில் பூ கட்டி விற்கிறார். மாட்டுத்தாவணிச் சந்தையில் மல்லிகை வாங்கி வந்து கட்டி, முழங்கையில் வைத்து அளப்பார். ஒவ்வொரு முழத்துக்கும் வளையல் ஒருமுறை குலுங்கும். அந்தக் குலுங்கலையும், “ஒண்ணு… ரெண்டு…” என்று அவர் எண்ணுவதையும் போனிலேயே பதிவு செய்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுத் தாளமாக்கிவிட்டான். இனி எவன் வந்து உரிமை கேட்பான்! நேற்று வரை 212 பேர் கேட்டிருப்பதாகக் காட்டுகிறது. அதில் நாற்பது நான்.

இனி உனக்கென்று எடுத்து வைத்தது. ராப் பாடகர் அறிவு இந்த ஆண்டு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று ஓர் ஆல்பம் போட்டிருக்கிறார். 2021இல் ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தபோது, அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர் என்று நீதான் எனக்குப் போனில் சொன்னாய். குரல் ஒரு மாதிரி இருந்தது, நான் ஒன்றும் கேட்கவில்லை. ஊரே பாடிய அந்தப் பாட்டிலிருந்து அறிவு, பாடகி தீ, தான் என்று தங்கள் மூவருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் இந்த மார்ச்சில் வெளிப்படையாகவே சொன்னார். யார் எழுதியது, யார் மெட்டு என்ற தகராறு வேறு. இவ்வளவுக்கும் பிறகு இந்த ஆள் மறுபடி பாட்டியின் பெயரையே எடுத்து ஆல்பத்தின் நெற்றியில் ஒட்டியிருக்கிறார், பார். எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன், சிலவற்றில் வாத்தியம் குரலை அமுக்குகிறது. ஆனால் அந்தத் தலைப்பு ஒன்றுக்காகவே என் சீட்டில் முதலிடம்.

அதைக் கேட்டதிலிருந்து உன் அம்மாவின் நினைப்புத்தான். சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, மலைக்கு வந்து மறுபடியும் கொழுந்துக் கூடையையே முதுகில் மாட்டிக்கொண்டவர்கள். 1982இல் உன் தோட்டத்து லய வீட்டுக்கு வந்திருந்தபோது, விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகுமுன் அடுப்படியில் அவர்கள் ஏதோ பாடினார்கள். வார்த்தை எனக்கு நினைவில்லை. ஒவ்வொரு அடியின் முடிவிலும் குரல் கீழே இறங்கி நின்றுவிடும், அது மட்டும் இருக்கிறது. நான் விழித்துவிட்டது தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

அதைப் பதிவு செய், மாப்பிள்ளை. உன் போனிலேயே முடியும். கையில் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நிற்காதே, வெட்கப்படுவார்கள். அடுப்பு மேடையில் புளி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு நீ வெளியே போய்விடு. அடுப்பு ஊதும் சத்தம், பாத்திரச் சத்தம் எல்லாம் விழட்டும். பின்தெருப் பையனிடம் கேட்டேன், இரைச்சலைக் குறைத்துத் தருகிறேன் என்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பொங்கல் கழிந்து 20ஆம் தேதி வாக்கில் மேலே வருகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறும்போது போன் செய்கிறேன். உன் சீட்டை அதற்குள் எழுதி வை.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை