‘வாழ்வு கொடுத்தார்’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இளம் வயதில் கணவரை இழந்த பெண்களின் மறுமணம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் இரண்டு பக்கத்துக்குள் நான்கு இடத்தில் ‘வாழ்வு கொடுத்தார்’ என்று வருகிறது. கொடுத்தவர்கள் எல்லாரும் ஆண்கள், வாங்கிக்கொண்டவர்கள் எல்லாரும் பெண்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் கணவர் 2016-ல் பைக் விபத்தில் இறந்தபோது எனக்கு 27 வயது, மகளுக்கு 3. கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்த்தவர். வந்த பணத்தில் பழைய ஜெராக்ஸ் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டு மஞ்சக்குப்பத்தில் கடை வைத்தேன். மாமியார், மகள், நான் மூன்று பேரும் அதை வைத்துத்தான் சாப்பிட்டோம். வாழ்வு என்று ஒன்று எனக்கு அப்போதே இருந்தது. என்ன, கொஞ்சம் வாடகை பாக்கியோடு இருந்தது.

பழைய மெஷின் என்பதால் மாதம் ஒரு தடவையாவது படுத்துவிடும். புதுச்சேரி நெல்லித்தோப்பிலிருந்து ஒருவர் வந்து சரி செய்வார். கல்யாணம் ஆகாதவர், என்னைவிட இரண்டு வயது சிறியவர். ஒருநாள் மெஷினை நகர்த்த வேண்டியிருந்தது. மேலே சுவரில் என் கணவர் படம். இடிக்குமே என்று அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வேலை முடிந்ததும் கையிலிருந்த டோனர் கறையைக் கழுவிவிட்டு, பையில் தேடிச் சுத்தமான துணியாக ஒன்றை எடுத்துப் படத்தின் கண்ணாடியைத் துடைத்து, அதே ஆணியில் மாட்டினார். கோணலாக இருக்கிறதா என்று இரண்டடி பின்னால் போய்ப் பார்த்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. 350 ரூபாய்க்குப் பில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த நொடியே மனசு சாய்ந்தது என்று சொன்னால் சினிமாவாகிவிடும். 350 அதிகம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

2020 ஊரடங்கில் புதுச்சேரி எல்லையில் இருக்கிற முள்ளோடை செக்போஸ்ட்டை அடைத்துவிட்டார்கள். புதுச்சேரி இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனாலும் வெளிநாடு மாதிரி ஆகிவிட்டது. ஊரே இ-பாஸுக்கு அலைகிறது, என் மெஷினோ தாளுக்குத் தாள் கருப்புக் கோடு போடுகிறது. அவர் வீடியோ காலில் சொல்லச் சொல்ல நானே டிரம்மைக் கழற்றினேன். “வெளிச்சம் படக்கூடாதுங்க, மேல துணியப் போடுங்க” என்று அந்தப் பக்கம் ஒரே கத்தல். கோடு போய்விட்டது, போன் நிற்கவில்லை. மெஷின் நன்றாக ஓடிய நாள்களிலும் வந்தது. அப்புறம் நானும் பண்ண ஆரம்பித்தேன்.

துணை வேண்டும் என்று நான் சொல்லியிருந்தால் சொந்தக்காரர்கள் ஒத்துக்கொண்டிருப்பார்கள். ‘சின்ன வயசு, பொம்பளப் புள்ள வேற’ என்று அவர்களாகவே இரண்டு வரன் கொண்டுவந்தார்கள், அதில் ஒருவருக்கு 51 வயது. ஒருத்தரைப் பிடித்திருக்கிறது என்று நான் சொன்னதும்தான் எல்லார் முகமும் மாறியது. இரக்கப்பட்ட அதே வாய் ‘எத்தனை நாளா நடக்குது?’ என்று கேட்டது.

மறுமணம் செய்தால் வீட்டில் உன் பங்கு போய்விடும் என்றார் பங்காளி ஒருவர். 1856-ல் வந்த மறுமணச் சட்டம் அப்படித்தான் சொன்னது. கல்யாணத்துக்கு அனுமதி கொடுத்த கையோடு சொத்தைப் பிடுங்கிக்கொண்டது. 1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, கணவர் இறந்தபோது வந்து சேர்ந்த பங்கு மறுமணத்தால் போகாது. அவர் நூறு வருஷம் பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

நிஜமாகவே நின்றது பி.எஃப். விதவைப் பென்ஷன். அதற்குப் பதில், அந்தத் தொகையில் 25 சதவீதமாக இருந்த பிள்ளையின் பென்ஷன் 75 சதவீதமாகும். அதற்குப் பெயர் ‘ஆர்ஃபன் பென்ஷன்’. ஊருக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறவள் நான். என் மகள் பெயரோடு அந்தச் சொல்லைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. பெற்றவளே உட்கார்ந்து நிரப்புகிற அனாதை ஃபாரம்! இந்தப் பெயரையும் யாராவது மாற்றினால் தேவலை.

நான் பயந்தது அத்தைக்குத்தான். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர். சொன்னதும் எழுந்து உள்ளே போய்விட்டார். மூன்று நாள் பேச்சில்லை. நான்காம் நாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல் கேட்டார்:

“கடையில இருக்கிற போட்டாவ எடுக்கச் சொன்னானா?”

“இல்ல அத்தை. அவருதான் தொடச்சு மாட்டுவாரு.”

“அப்பச் சரி” என்றார். கீரைத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

2023 தை மாதம் திருவந்திபுரம் கோயிலில் கல்யாணம். முகூர்த்த நாளில் அங்கே எத்தனை ஜோடி நிற்கும் என்று கடலூர்க்காரர்களுக்குத் தெரியும். எது முதல் கல்யாணம், எது இரண்டாவது என்று பார்க்க அந்தக் கூட்டத்தில் யாருக்கு நேரம்? மகளுக்குத்தான் கொண்டாட்டம். அவரை அவள் இன்றைக்கும் ‘டோனர் மாமா’ என்றுதான் கூப்பிடுகிறாள், நாங்கள் திருத்தவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் பெரியவர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “பெரிய மனசுப்பா உனக்கு. ஒரு பொண்ணுக்கு வாழ்வு குடுத்திருக்க” என்றார். இவர் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, “ரெண்டு வருஷமா நாந்தாங்க கேட்டுக்கிட்டே இருந்தேன். இப்பத்தான் சரின்னாங்க” என்றார்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் ‘திருமணம் செய்துகொண்டனர்’ என்று மட்டும் போடுங்கள். எல்லாருக்கும் அப்படித்தானே போடுகிறீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.